போட்டோ காப்பிரைட்: பாலக்காட்டு எல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை வாசகி: கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் என் தங்கை படத்தை ஃப்ளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார். கேட்டால், எடுத்தவனுக்குத்தான் உரிமை என்கிறார்.

எடுத்தவர் படைப்பாளி, சரி. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 1957ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதலில் அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற பொடி எழுத்துக்குக் கீழே வீட்டார் கையெழுத்து இருந்தால் கதை வேறு.

மீனாட்சிபுரம்: நான் எடுத்த படத்தைச் சிவகாசியில் காலண்டராக அச்சடித்துவிட்டார்கள், சார். எந்த மாநிலச் சட்டம்? அங்கே போய்த்தான் வழக்குப் போடணுமா?

நாடு முழுக்க ஒரே சட்டம்தான். நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம், படம் எடுத்தவுடனேயே உரிமை வந்துவிடும். ஆனால் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த மாற்றப்படாத மூலக் கோப்பு, இருக்கிறதா? அதை மட்டும் அழித்துவிடாதீர்கள். எடுத்தது நான்தான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சித்தூர்: படத்தின் கீழே எடுத்தவர் பெயர் போட்டால் போதுமா?

போதாது. அது மரியாதை, அனுமதி ஆகாது.

கொல்லங்கோடு ஓவியர்: போனில் வந்த கல்பாத்தித் தேர் படத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் வரைந்தேன். நிறத்தை மாற்றினேன், குடையை எடுத்துவிட்டேன். முப்பது சதவீதம் மாற்றினால் தப்பில்லை என்கிறார்களே?

அந்த முப்பது சதவீதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. யார் கிளப்பிவிட்டார்களோ!

நீங்கள் அனுப்பிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சக்கரம், முட்டுக்கட்டையோடு குனிந்தபடி கேமராவைத் திரும்பிப் பார்க்கும் பையன், இரண்டும் அப்படியே உங்கள் ஓவியத்தில் இருக்கின்றன. கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் பார்த்தவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்று சந்தேகமில்லாமல் தோன்றினால், அது மீறல். எனக்குத் தோன்றியது. கை பழகுவதற்காக வீட்டில் வரைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பிரிண்ட் போட்டு விற்பதென்றால் எடுத்தவரிடம் எழுதி வாங்குங்கள்.

புதுநகரம்: இது அநியாயம் சார்! தேர் ஊர்ச்சொத்து. அதற்கு ஒருத்தர் பட்டா போடுவதா?

தேருக்கு யாரும் பட்டா போடவில்லை. நாளைக்கே அதே தெருவில் நின்று நீங்களும் எடுக்கலாம், வரையலாம். அந்த நொடியை அந்த இடத்தில் நின்று பிடித்தது அவர் வேலை, அது மட்டும் அவருடையது.

கொல்லங்கோடு ஓவியர், மறுபடியும்: ரவிவர்மா படங்களை எல்லாரும் காலண்டர் போடுகிறார்களே? அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் போட்டோவிலிருந்துதானே வரைந்தார்?

ரவிவர்மா 1906இல் காலமானார். உரிமை, ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுதான். எப்போதோ முடிந்துவிட்டது. வார்ஹோலை நீங்கள் இழுத்திருக்கக் கூடாது. போட்டோகிராபர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸ் படத்தை வைத்து வார்ஹோல் வரிசையாகப் படங்கள் செய்தார். அதில் ஒன்றை 2016இல் வார்ஹோல் அறக்கட்டளை பத்திரிகைக்குக் காசுக்குக் கொடுத்தது. அது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே பயன்படுத்தச் சட்டம் விடும் விதிவிலக்கு, ஆகாது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அமெரிக்கத் தீர்ப்பு பாலக்காட்டைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்குச் சாதகமாகவும் அதைக் காட்ட முடியாது.

வேலந்தாவளம்: அப்போ கோயில் கோபுரத்தை வரையவும் பயமாக இருக்கிறது அண்ணா.

தாராளமாக வரையுங்கள் தம்பி. கட்டடத்தையும், பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையும் வரையலாம், படமெடுக்கலாம் என்று 52ஆம் பிரிவே விட்டுவைத்திருக்கிறது. சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை, அதில் கவனம்.

கோவிந்தாபுரம்: கோயிலுக்கு மேல் ட்ரோன் விடலாமா?

போலீஸ் ஸ்டேஷனில் கேளுங்கள்.

சித்தூர், இன்னொருவர்: கூகுளில் கிடைத்த படத்தைப் பெயர் போட்டுப் பயன்படுத்தினால்?

மேலே உங்கள் ஊர்க்காரருக்குச் சொன்னதுதான்.

ஆலத்தூர்: நான் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை யாரோ பயன்படுத்திவிட்டார்கள். ஒரிஜினலை அழித்துவிட்டேன்.

ரா ஃபைல், ரா ஃபைல் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்! சரி, மெமரி கார்டில் அதற்குப் பிறகு எதுவும் எடுக்காமல் ரெக்கவரி கடைக்குக் கொண்டுபோங்கள். அதே வரிசையில் எடுத்த மற்ற படங்கள் இருந்தாலும் உதவும்.

புதுநகரம்: ஏஐ-யிடம் கொடுத்து ஓவியமாக மாற்றினால்?

மெஷின் மாற்றினாலும் மூலப்படம் அடுத்தவருடையதுதானே? கொல்லங்கோட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.