எல்லை தாண்டிய கடத்தல் வலைப்பின்னல்கள் வளர உலகமயமாக்கலும் ஏற்றத்தாழ்வும் எப்படிக் காரணமாகின்றன? வறுமைதானே மூலகாரணம்?

வறுமை மட்டுமே காரணம் என்றால் பரம ஏழை நாடுகள்தான் கடத்தலின் தலைமையிடமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையே. கடத்தலுக்குத் தீனி போடுவது இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம்: விலையில், கூலியில், சட்டத்தில். உலகமயமாக்கல் அந்த வித்தியாசத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைத் தாண்ட ஆகும் செலவைத்தான் குறைத்தது.

கொகெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தயாரிக்கச் சில நூறு கிலோ கோக்கா இலை வேண்டும். கொலம்பியாவில் அந்தக் கிலோ சில ஆயிரம் டாலர். ஐரோப்பியத் துறைமுகத்தைத் தாண்டிவிட்டால் பத்து மடங்குக்கும் மேல். இலை பறிப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். ஆனாலும் அவர் மாற்றுப் பயிருக்குப் போவதில்லை. ரோடே இல்லாத ஊரில் மக்காச்சோளம் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் லாபமெல்லாம் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். கோக்கா வியாபாரியோ தேடி வந்து ரொக்கம் தருகிறார். 1990களில் பெருவிலும் பொலிவியாவிலும் கோக்கா சாகுபடி சரிந்தபோது கொலம்பியாவில் ஏறியதும் இதனால்தான். வாங்க ஆள் இருக்கும்வரை பயிர் இடம்தான் மாறும்.

அடுத்து கன்டெய்னர். 1956இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனதில் தொடங்கியது இந்த முறை. இன்று உலகெங்கும் ஓடும் கன்டெய்னர்களில் திறந்து சோதிக்கப்படுபவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சோதனையைக் கூட்டவும் முடியாது, குளிரூட்டிய பழப் பெட்டியை நிறுத்தி வைத்தால் சரக்கு அழுகும். கடத்தல்காரர்கள் நம்புவது இந்த அவசரத்தைத்தான். ஏற்றுமதியாளருக்கே தெரியாமல் சீலை உடைத்து, கதவை ஒட்டிப் பைகளை வைத்து, அதே எண்ணில் போலி சீல் போடுவார்கள். இறங்கும் துறைமுகத்தில் உள்ளாள் ஒருவர் சுங்கத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். கதவு இன்னொரு பெட்டியோடு ஒட்டி நின்றாலோ, பெட்டி எதிர்பார்த்த நாளுக்கு முன்பே வெளியே போய்விட்டாலோ திட்டம் பாழ். பெட்டி எங்கே நிற்கிறது என்ற தகவலுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதும் அதனால்தான்: பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகக் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்திருந்தது 2013இல் வெளியே வந்தது. ஏற்றத்தாழ்வு பணக்கார நாட்டுக்குள்ளும் உண்டு. ஒரு ஷிப்டு கண்டுகொள்ளாமல் இருக்க மாதக்கணக்கான சம்பளத்தைக் கையில் வைத்தால் எத்தனை பேர் மறுப்பார்கள்?

ஆள் கடத்தலில் கதை சற்று வேறு. சரக்குக்கும் பணத்துக்கும் கதவு திறந்தது, உழைப்பவருக்குத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் ஏஜென்ட் உட்கார்ந்துகொள்கிறார். பரம ஏழையால் அவர் கேட்கும் தொகையைப் புரட்ட முடியாது. அடகு வைக்கக் கொஞ்சம் நிலம் உள்ளவர்தான் கிளம்புகிறார். அந்தக் கடன்தான் பிறகு அவரைக் கொத்தடிமை வேலைக்குத் தள்ளுகிறது. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் லாரி டிரெய்லரில் பிணமாகக் கிடந்த 39 வியட்நாமியர்களும் இப்படி ஏஜென்ட்டுகளுக்குப் பணம் கட்டி வந்தவர்கள்தான்.

பணம் திரும்பிப் போகும் வழியைத்தான் பலர் கவனிப்பதில்லை. எளிய வழி இன்வாய்ஸ். 1,00,000 டாலர் சரக்குக்கு 2,50,000 என்று பில் போட்டு வாங்கினால், மிச்சம் 1,50,000 வங்கி வழியாகவே, வியாபாரக் கணக்கில், எல்லை தாண்டிவிடும். விற்கும் கம்பெனி ஏதோ ஒரு தீவில் பினாமி பெயரில் பதிவான வெறும் பெயர்ப் பலகையாக இருக்கலாம். பெரிய வங்கிகளும் சளைத்தவை அல்ல: மெக்சிகோ, கொலம்பியா போதைக் கும்பல்களின் குறைந்தது 88 கோடி டாலர் தன் வழியே வெளுக்கப்பட்ட விவகாரத்தையும் சேர்த்து, 2012இல் எச்எஸ்பிசி அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் கட்டியது. கவுன்டர் ஜன்னலின் அளவுக்கே பெட்டி செய்து அதில் ரொக்கம் கொண்டுவந்தார்களாம்!

என் பார்வையில், எல்லையில் ஆட்களைக் கூட்டுவதைவிட இந்தக் காகிதங்களைப் பிடிப்பது பலன் தரும். ஒரே சரக்குக்கு ஏற்றுமதி நாட்டுச் சுங்கம் பதிந்த மதிப்பையும் இறக்குமதி நாடு பதிந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் வித்தியாசமெல்லாம் திருட்டு இல்லை. ஏற்றுமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் பெரும்பாலும் சேராது, இறக்குமதி மதிப்பில் சேரும். நடுவில் வேறொரு துறைமுகத்தில் கைமாறினால் நாட்டின் பெயரே மாறிப் பதிவாகும். இவற்றைக் கழித்த பிறகும் ஒரே இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே, ஒரே சரக்கில், இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கோப்பைத் திறக்கலாம்.