மணல் சீக்கிரம் தீர்ந்து போகுதா? எல்1லேருந்து விரலை அவசரப்பட்டு எடுக்காதீங்க

கேள்வி: பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சேண்ட்ஸ் ஆஃப் டைம் கேமை இப்பதான் முதல் தடவையா பிஎஸ்2ல (பிளேஸ்டேஷன் 2) விளையாடுறேன். சுவத்துல ஓடும்போது விழுந்துட்டே இருக்கேன், ரீவைண்ட் பண்ணியே மணல் காலியாயிடுது. சண்டைல அடிச்சுப் போட்டவனும் திரும்ப எழுந்து வர்றான். எங்க தப்பு பண்றேன்?

பதில்: 2003ல யூபிசாஃப்ட் மான்ட்ரியல் பண்ண இந்த கேமை இப்ப புதுசா ஒருத்தர் ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு. உங்க ரெண்டு பிரச்சனையும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, மணலை எப்படி செலவு பண்றீங்க, எப்படி திரும்ப எடுக்குறீங்கங்கறதுலதான்.

முதல்ல ரீவைண்ட், அதாவது மணலை செலவு பண்ணி நேரத்தைப் பின்னாடி ஓட்டுறது. ஒரு தடவை எல்1 பட்டனை அழுத்தினா ஒரு டேங்க் மணல் போயிடும், ரெண்டு செகண்ட் பின்னாடி போனாலும் அதே செலவு, பத்து செகண்ட் வரைக்கும் போனாலும் அதே செலவு. ஆனா நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, பள்ளத்துல விழுந்ததும் பதறிப்போய் அழுத்திட்டு, நீங்க ஆட்டுற இளவரசன் சுவத்துல ஒட்டினதும் விட்டுடுறாங்க, அப்ப அவன் அதே தப்பான வேகத்துல, அதே தப்பான இடத்துல பாதி ஓட்டத்துல இருப்பான், மறுபடி விழுவான், இன்னொரு டேங்க் போச்சு. ரெண்டு காலும் தரையில நல்லா ஊனி நிக்கிற வரைக்கும் எல்1ஐ பிடிச்சே வைங்க.

அடுத்து சுவர் ஓட்டம். சுவத்துல ஓட ஆர்1 பட்டனைப் பிடிச்சதும் கை தன்னால குதிக்கிற பட்டனான எக்ஸுக்குப் போகும், போக விடாதீங்க. எக்ஸ் தட்டினா அவன் சுவத்தை உதைச்சு எதிர்ப்பக்கம் பாய்வான், அங்க பிடிக்க ஒண்ணும் இல்லேன்னா நேரா பள்ளம்தான். ஓட்டத்தோட முடிவுல விளிம்பு இருந்தா அவனே பிடிச்சுக்குவான். குதிக்கிறதுக்கு முன்னாடி எதிர்ச்சுவத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு ஓடுங்க, அது போதும். சேவ் பண்ற மணல் தூண்ல நிக்கும்போது மின்னி மின்னி ஓடுற காட்சியையும் ஸ்கிப் பண்ணாதீங்க, அடுத்து எந்த வழியில போகணும்னு அதுலயே காட்டிடுறாங்க.

1989ல வந்த முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு அதை உருவாக்கின ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வெச்சு வீடியோ எடுத்து, அதைப் பாத்து ஒவ்வொரு அசைவா வரைஞ்சாரு. அந்த உடம்புக் கனம் இதுலயும் இருக்கு, ஒரு அசைவு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது. பட்டனை படபடன்னு தட்டினா ஒத்துழைக்காது.

சண்டைக்கு வருவோம். கீழ விழுந்தவனை முக்கோணம் அழுத்தி கத்தியால குத்தி மணலை உறிஞ்சினாதான் அவன் போவான், இல்லேன்னா எழுந்துடுவான். அந்தக் குத்துதான் உங்க காலி டேங்க்கையும் நிரப்புது, அதனால இன்னொருத்தன் பக்கத்துல வர்றதுக்குள்ள குத்திடுங்க. முன்னாடி நிக்கிறவனை நோக்கி ஸ்டிக்கைத் தள்ளி எக்ஸ் அழுத்தினா அவன் தலைக்கு மேல தாண்டி முதுகுப் பக்கம் போகலாம், அங்கேருந்து வெட்டினா சட்டுனு விழுவான். சில பேர் அதைத் தடுத்து உங்களையே கீழ தள்ளுவாங்க, அவங்ககிட்ட சுவத்துல உதைச்சுப் பாய்ஞ்சு அடிங்க.

கதையில உங்களோட சேர்ந்து வர்ற இளவரசி ஃபாரா கூட இருக்கும்போது அவ செத்தாலும் கேம் ஓவர்தான். கடைசிப் பக்கம் வர்ற லிஃப்ட் சண்டை ரொம்ப கஷ்டம், இடம் குறுகல், ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. அதுக்கு முன்னாடியே வழியில தெரியுற மணல் மேகங்களை விடாம எடுத்துட்டு வாங்க, எட்டு சேர்ந்தா ஒரு டேங்க் கூடும். தண்ணி இருக்குற இடத்துல எல்லாம் நின்னு குடிச்சு உயிரை ஃபுல் பண்ணிட்டே போங்க.