கேப்பில்லரிக்குள்ளேயே மாதிரியை நெருக்குவது: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: எச்பிஎல்சியில் (திரவத்தை அழுத்தி ஓட்டிப் பொருள்களைப் பிரிக்கும் கருவி) நன்றாகத் தெரியும் கரைசல், கேப்பில்லரி எலக்ட்ரோபோரெசிஸில் (நுண்குழாய்க்குள் மின்புலத்தால் அயனிகளைப் பிரிக்கும் முறை) பேஸ்லைனோடு, அதாவது வரைபடத்தின் அடிக்கோட்டோடு, கரைந்துபோகிறது. கருவியில் கோளாறா சார்?

பதில்: கருவியைத் திட்டாதீர்கள். எச்பிஎல்சியில் பொருளை ஒளியால் கண்டறியும் யுவி செல்லில் ஒளி வழக்கமாக 10 மி.மீ. கடக்கிறது, உங்கள் குழாயில் 50 மைக்ரான், 200-ல் ஒரு பங்கு. 50 செ.மீ. நீளமிருந்தாலும் குழாய் முழுவதும் பிடிப்பது சுமார் 1 மைக்ரோலிட்டர். அதில் 10 நானோலிட்டர் ஏற்றினால் பீக் (வரைபடத்தில் எழும் மேடு) எங்கிருந்து வரும்? ஒளி கடக்கும் இடத்தில் குழாயைக் குமிழ்போல அகலப்படுத்திய பபிள் செல் போட்டால் 3 மடங்கு கிடைக்கலாம். மீதியை மாதிரியை நெருக்கித்தான் சம்பாதிக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டாக்கிங்குக்காக, அதாவது மாதிரியைக் குழாய்க்குள் ஒரே இடத்தில் குவிப்பதற்காக, சுத்தத் தண்ணீரில் கரைத்து நிறைய ஏற்றினேன். பீக் இன்னும் அகன்றுவிட்டதே?

பதில்: கடத்துத்திறன் குறைந்த பகுதியில் மின்புலம் அதிகம், அயனிகள் பாய்ந்து ஓடும். குழாயில் நிரப்பியிருக்கும் உப்புக் கரைசலான பஃபரின் எல்லையில் வேகம் சட்டென்று குறையும். நாற்கரச் சாலையில் பறந்துவந்த வண்டிகள் சுங்கச்சாவடியில் நெருங்கி நிற்பது போல அங்கே குவியும். ஆனால் இரண்டு பகுதிகளிலும் எலக்ட்ரோ ஆஸ்மோடிக் ஓட்டம் (மின்புலத்தால் திரவமே நகர்வது) வேறுபடுவதால் உள்ளே அழுத்தம் உருவாகி, குவிந்ததைக் கலக்கிவிடும். தண்ணீருக்குப் பதில் 10 மடங்கு நீர்த்த பஃபரில் கரையுங்கள், ஏற்றும் நீளத்தையும் குறையுங்கள்.

நிறைய ஏற்றியே ஆக வேண்டுமென்றால், எதிர்மின் அயனிகளுக்குத் துருவத்தைத் திருப்பிவைத்துத் தண்ணீரை நுழைவாய் வழியே வெளியேற்றலாம். மின்னோட்டம், குழாயில் பஃபர் மட்டும் இருந்தபோதைய அளவில் சுமார் 95 சதவீதத்தை எட்டியதும் துருவத்தை மாற்றணும். டீ குடிக்கப் போய்விட்டு வந்து, மாதிரி முழுவதையும் தண்ணீரோடு துரத்திய அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: என் மாதிரி இரத்த சீரம். இதெல்லாம் பலிக்குமா?

பதில்: பலிக்காது. அவ்வளவு உப்பு இருந்தால் மேலே சொன்ன வேக வித்தியாசமே வராது. எத்தனை மடங்கு செறிவு கூடும் என்பதை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் உப்பைப் பாருங்கள். 1 பங்கு சீரத்துக்கு 2 பங்கு அசிட்டோநைட்ரைல் சேர்த்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை ஏற்றுங்கள். புரதம் கீழே போய்விடும். உப்பு அயனிகள் முன்னே ஓட, உங்கள் பொருள் அவற்றின் பின்னால் நெருங்கும். தொல்லையென்று நினைத்த உப்பே இங்கே வேலைக்கு வருகிறது.

கேள்வி: மின்னழுத்தத்தால் ஏற்றினால் 100 மடங்குக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பீக் பரப்பு மாறுகிறது.

பதில்: மாறத்தான் செய்யும். வேகமான அயனி அதிகம் ஏறும், உப்பு கூடினால் எல்லாமே குறையும். போதாததற்கு, ஒரே மாதிரிக் குப்பியில் திரும்பத் திரும்ப ஏற்றினால் சரக்கும் தீரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் குப்பி, அக நியமம் (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் வேறு பொருள்), அப்புறம் ஸ்டாண்டர்ட் அடிஷன் (அளக்க வேண்டிய பொருளையே தெரிந்த அளவில் சேர்த்துப் பார்ப்பது).

கேள்வி: மின்னூட்டமே இல்லாத பொருளுக்கு?

பதில்: ஸ்வீப்பிங். மைசெல் (சோப்பு மூலக்கூறுகள் திரண்ட நுண்உருண்டை) இல்லாத மாதிரியை ஏற்றி, எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளின் மைசெல்களை அதன் வழியே ஓடவிடுங்கள். துடைப்பம் போல வாரிக்கொண்டு வரும். 1998-ல் ஆய்வாளர்கள் குவிரினோவும் தெராபேயும் இதில் 5000 மடங்கைத் தாண்டிக் காட்டினார்கள். தக்கவைப்புக் காரணி (பொருள் மைசெல்லில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதன் அளவு) 99 என்றால் பட்டை 100-ல் ஒரு பங்காகச் சுருங்கும். 1 என்றால் வெறும் பாதி. உங்கள் பொருள் மைசெல்லில் ஒட்டுமா என்று முதலில் சோதியுங்கள்.