கோட்டோபாக்ஸி எரிமலைக்கு ஒரு நாள் குழுப் பயணம்: கேள்வி பதில்

ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 5,897 மீட்டர் உயரத்தில் பனிமுடியுடன் நிற்பது கோட்டோபாக்ஸி எரிமலை. காலையில் கீட்டோவிலிருந்து வேனில் குழுவாகப் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணம் குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அங்கே குழுக்களை அழைத்துச் சென்று பழகிய உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஒரே நாளில் உச்சிவரை ஏறி இறங்கிவிடலாமா?

இயலாது. உச்சிக்கு ஏறுபவர்கள் முதல்நாளே மலைத் தங்குமனைக்குச் சென்று ஓய்வெடுத்து, நள்ளிரவில் புறப்பட்டு, வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். பனியாற்றின்மேல் நடக்கக் காலணியில் பூட்டும் முள்தகடுகள், கயிறு, பனிக்கோடரி, உரிமம் பெற்ற வழிகாட்டி ஆகிய அனைத்தும் தேவை. 1872இல் ஜெர்மானிய நிலவியலாளர் வில்ஹெல்ம் ரைஸ், கொலம்பியரான ஆஞ்சல் எஸ்கோபாருடன் முதன்முதலில் உச்சியை அடைந்தார்; அதற்கு 70 ஆண்டுகள் முன்பே ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் முயன்று திரும்பியிருந்தார். ஒரு நாள் பயணத்தில் நாம் செய்வது வேறு. வண்டி ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்திலுள்ள நிறுத்துமிடம்வரை செல்லும். அங்கிருந்து 4,864 மீட்டரில் உள்ள ஹோசே ரிவாஸ் தங்குமனைவரை நடந்து ஏறித் திரும்புகிறோம்.

கேள்வி: அந்த நடை மிகக் குறுகியது என்கிறார்கள். பிறகு ஏன் பலர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்?

தொலைவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். தளர்ந்த எரிமலைச் சாம்பலில் கால் சறுக்குவதைத் தவிர பாதையில் பெரிய சிரமம் ஏதுமில்லை. சிரமமெல்லாம் காற்றில் இருக்கிறது. தங்குமனையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 55 சதவீதமே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடற்பயிற்சியில் தேர்ந்த இளைஞர்கள்தாம் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள்: ஊரில் நடக்கும் வேகத்திலேயே முதல் நூறு அடியைக் கடந்துவிட்டு, தலை சுற்றி, கல்லில் சாய்ந்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் நிற்க வேண்டும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்தொடர்வதே நான் எப்போதும் கேட்டுக்கொள்ளும் ஒழுங்கு.

கேள்வி: ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளில் ஆழ்கடல் மூழ்கலை முடித்துவிட்டு, மறுநாள் கீட்டோவுக்குப் பறந்து, அதற்கு அடுத்த நாள் எரிமலைக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். சரிதானா?

இதைக் கேட்டது நல்லது. பயண முகவர்கள் பலர் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. மூழ்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன், வெளிக்காற்றின் அழுத்தம் திடீரெனக் குறைந்தால் குமிழ்களாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். அதனால்தான், பலமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்கிறார்கள். பயணிகள் விமானத்தின் உள்ளழுத்தம் பொதுவாக 2,400 மீட்டர் உயரத்திலுள்ள காற்றழுத்தத்துக்குக் கீழே இறங்காது. எரிமலையின் வண்டி நிறுத்துமிடமோ அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் மூழ்கலுக்கும் மலைக்கும் இடையே நேரம் இருப்பதுபோல் தோன்றினாலும், கடல்மட்டத்தில் பல நாட்கள் இருந்துவிட்டு வருவதால் உயரத்துக்கு உடல் பழகியிருக்காது என்ற இரண்டாவது இடரும் உண்டு. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் கீட்டோ, பிறகு எரிமலை, கடைசியில் தீவுகள்.

கேள்வி: உயரத்துக்கு உடலைப் பழக்க எத்தனை நாட்கள் வேண்டும்? மாத்திரை உதவுமா?

கீட்டோவே 2,850 மீட்டரில் இருப்பதால், அங்கே இரண்டு மூன்று இரவுகள் தங்குவது முதல் மருந்து. அதற்கிடையில் கீட்டோவை ஒட்டிய பிச்சின்ச்சா மலைச்சரிவில் ஏறும் ரோப் காரில் ஏறத்தாழ 4,000 மீட்டர்வரை சென்று ஓரிரு மணி நேரம் உலாவிவிட்டு வந்தால், உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும் உட்கொள்ளவும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கோக்கா இலைத் தேநீர் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும், குடிப்பதில் தவறில்லை. ஆனால் கொக்கெய்ன் எடுக்கப்படுவது இந்த இலையிலிருந்துதான் என்பதால், அந்த இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ இந்தியாவுக்கு எடுத்துவருவது குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 62 வயது, இரத்த அழுத்தம் உண்டு. மகனுக்கு 5 வயது. இருவரையும் அழைத்து வரலாமா?

தாயாரின் மருத்துவர் இசைந்தால் வரலாம். ஆனால் அவர் நிறுத்துமிடத்துக்கு மேல் ஏறியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். 3,800 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள லிம்பியோபுங்கோ ஏரிக்கரையில் சமதளமான நடைபாதை இருக்கிறது. மேகம் விலகினால் கோட்டோபாக்ஸி முழுவதும் அங்கிருந்தே தெரியும், காட்டுக்குதிரைகளும் மேயும். என் கணிப்பில் அன்றைய பயணத்தின் அழகான இடம் அதுவே. சிறுவனைப் பொறுத்தவரை, தலை வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரியாத வயதில் 4,800 மீட்டர் வேண்டாம். அவனையும் பாட்டியுடன் ஏரிக்கரையில் விடுவது நல்லது.

கேள்வி: அப்படியானால் குழுவைப் பிரிக்க வேண்டியிருக்குமே?

ஆம், அதற்கு முன்னதாகவே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஒரே வழிகாட்டியும் ஒரே வண்டியும் இருந்தால், ஒருவருக்கு உடல்நிலை கெட்டவுடன் மொத்தக் குழுவும் இறங்க வேண்டியதுதான். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, குழுவில் 8 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வழிகாட்டிகளைக் கேளுங்கள். ஒருவர் இறங்குபவர்களுடன் வருவார். தலைவலியுடன் குமட்டல் சேர்ந்தாலே மேலே ஏறுவதை நிறுத்திவிட வேண்டும். நடை தள்ளாடுவது, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது ஆகிய இரண்டும் ஆபத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். காசு கொடுத்து வந்துவிட்டோமே என்று தலைவலியை மறைப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். வேனில் ஏறும் முன்பே, இறங்குபவரை யாரும் கேலி செய்யக்கூடாது என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

கேள்வி: எரிமலை வெடித்துவிட்டால்?

நியாயமான அச்சம். 1877இல் வெடித்தபோது, கொதிக்கும் சாம்பல்பாய்ச்சல் பனியாற்றை உருக்கிப் பெரும் சேற்றுவெள்ளத்தை உண்டாக்கியது. அது லட்டகுங்கா நகரைச் சீரழித்தது, வடக்கே ஆறுகளின் வழியே பசிபிக் கடல்வரை சென்றது. நீண்ட அமைதிக்குப்பின் 2015 ஆகஸ்டில் மீண்டும் சாம்பலைக் கக்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய இன்னொரு கட்டம் 2023 நடுப்பகுதிவரை நீடித்தது. ஈக்வடாரின் தேசியப் பல்தொழில்நுட்பப் பள்ளியின் புவி இயற்பியல் நிறுவனம் இந்த எரிமலையைத் தொடர்ந்து கண்காணித்து அறிக்கை வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அதைப் பாருங்கள். எரிமலையைச் சூழ்ந்துள்ள தேசியப் பூங்காவின் மேற்பகுதி மூடப்பட்டிருக்கும் நாளில், வேறு வழியாக மேலே கூட்டிச்செல்வதாகச் சொல்லும் முகவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: பனியைத் தொட முடியுமா? எப்போது போவது நல்லது?

தங்குமனைக்கு மேலே இருக்கும் பனியாற்றின் விளிம்பு ஆண்டுதோறும் பின்வாங்கிக்கொண்டே போகிறது. முதல்நாள் இரவு பனி பொழிந்திருந்தால் நிறுத்துமிடத்திலேயே தொடலாம். இல்லையென்றால் பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டும். மாதத்தைவிட நேரம் முக்கியம்: காலையில் தெளிவாக இருக்கும் மலை, நண்பகலுக்குள் மேகத்தில் மறைந்துவிடுவது வழக்கம். கீட்டோவிலிருந்து ஏழு மணிக்கு முன்பே புறப்படுங்கள்.

கேள்வி: உடை, உணவு?

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உலராது. அடுக்கடுக்கான கம்பளி உடை, காற்று புகாத மேலங்கி, கையுறை, குல்லாய், கறுப்புக் கண்ணாடி, வெயில்தடுப்புக் களிம்பு ஆகியவை போதும். நிலநடுக்கோட்டை ஒட்டிய உயரமான இடமாதலால், குளிரும்போதே தோல் வெந்துவிடும். காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இறங்கி வந்தபின் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த லோக்ரோ என்ற கெட்டிச் சூப்பு கிடைக்கும். சைவர்கள் அது இறைச்சிச் சாற்றில் வெந்ததா என்று கேட்டுக்கொள்ளவும்.

கேள்வி: இறங்கும்போது சைக்கிள் தருகிறார்களாமே?

தருகிறார்கள். நிறுத்துமிடத்திலிருந்து ஏரிவரை கரடுமுரடான மண்பாதை. ஏறும்முன் இரு பிரேக்குகளையும் நீங்களே அழுத்திச் சோதியுங்கள். தலைவலி இருந்தால் வேனிலேயே இறங்குங்கள்.