பழைய வீட்டுப் பனங்கைகளைக் கொண்டு காய்கறித் தோட்டத்துக்கு வேலி போட்டால் கடற்கரையில் நிற்குமா?

பிரித்த வீட்டின் பனங்கைகளை (ஓட்டுக்கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களை) வேலிக்கால்களாக நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடலாம். ஆனால் நான் முதன்முறை செய்த தவறைச் செய்தால் நான்கே ஆண்டுகளில் வேலி தரைக்கு வந்துவிடும்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலோசை கேட்கும் தூரத்தில் இருக்கிறது. 2015இல் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது, பிரிக்க வந்த ஒப்பந்தக்காரர் தேக்கு நிலைகளைச் செல்லரித்தவை என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு, பனங்கைகளை மட்டும் விறகுக்கு ஆகும் என்று விட்டுச் சென்றார். நல்ல நிலைகளை அப்படி ஏமாந்து கொடுத்தது இன்றும் எனக்கு ஆறவில்லை. அதனாலேயே அந்தக் கைகளில் ஒன்றையும் அடுப்புக்கு விடுவதில்லை என்று முடிவு செய்து, இரண்டடிக் குழிகளில் நிறுத்திச் சிமெண்ட் கலவை ஊற்றினேன்.

2019 ஐப்பசி மழையில் ஒரே இரவில் வடபுற வேலி சாய்ந்தது. விடிவதற்குள் ஆடுகள் புகுந்து, அம்மா வளர்த்த வெண்டையையும் பூவெடுத்த அவரைக் கொடியையும் மொட்டையடித்துவிட்டன. சிமெண்டை உடைத்துக் காலை எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் கீழே மரம் இரும்பாக இருந்தது, ஒரு சாண் மேலேயும் அப்படியே; தரைமட்டத்தில் மட்டும் விரல் நுழைந்து, நனைந்த புகையிலைபோல் நார்நாராகப் பிய்ந்து வந்தது. வெயிலில் மரம் சுருங்கும்போது சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழுகிறது. அதில் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் அந்த இடத்தைத்தான் பூஞ்சை பிடித்துக்கொள்கிறது.

2020இல் அதே கைகளின் உளுத்த பகுதியை அறுத்துவிட்டு மறுபடி நட்டேன். பனையின் வலிமை வெளிப்புறத்துக் கறுத்த வைரத்தில் இருக்கிறது. உள்ளேயுள்ள மெத்தென்ற சோறு ஈரத்தை உறிஞ்சும். எனவே கத்திமுனை இறங்காத கைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு (உப்புக் காற்றில் துரு உப்பி மரத்தைப் பிளந்துவிடும்), ஆறடிக்கு ஒன்றாக இரண்டரை அடி ஆழத்தில் நிறுத்தி, சிமெண்ட் சிறிதும் இல்லாமல், மணலை நனைத்து நனைத்துச் சாண் சாணாகக் கெட்டித்தேன். நம் மணலில் தண்ணீர் தானாக வடிந்துவிடும். மூலைக்கால்களுக்கு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைத் தாங்கும்படி சாய்வாக முட்டுக் கொடுத்தேன். கால்களுக்கு இடையே மீனவர்கள் கழித்த நைலான் வலையைக் கட்டினேன். அதில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிச் செத்துக் கிடந்த பிறகு, அடியில் இரண்டடி உயரத்துக்கு வலையை அகற்றிப் பனைமட்டையை நெருக்கிக் கட்டிவிட்டேன். ஆட்டுக்குட்டியும் இப்போது நுழைவதில்லை.

சிமெண்ட் தூண் நட்டிருந்தால் இந்தப் பாடு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கடலோரத்தில் அதனுள் இருக்கும் கம்பியும் துருப்பிடித்து உப்பித் தூணை வெடிக்கவைப்பதை நம் ஊர் வீட்டுத் தூண்களிலேயே காணலாம். மரம் நெடுநாள் கெடாமலிருக்கக் கழிவு எஞ்சின் ஆயில் பூசச் சொல்பவர்களும் உண்டு. உண்ணும் காய் விளையும் மண்ணில் அதைச் செய்யாதீர்கள். கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறிய பழைய ரயில்வே கட்டைகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

நான் நட்ட முப்பத்து நான்கு கால்களில் இதுவரை மூன்றை மாற்றியிருக்கிறேன். மூன்றுமே சோறு தெரிந்தும் ஒதுக்க மனம் வராமல் நான் நட்டவை.