கறுப்புப் பட்டையை வெட்டினால் 720 ஆகிவிடுமா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் மீடியா சர்வர் போட்டு டிவியில் படம் பார்க்கிறோம். ப்ளூ-ரே டிஸ்க்கிலிருந்து மகன் ஏற்றிய சினிமாவுக்கு '720 பி' என்று காட்டுகிறது. 1998இல் வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்த எங்கள் கல்யாண வீடியோ மங்கலாகத்தான் தெரிகிறது, அதற்கு '1080 பி'யாம்! ஃபைல் பெயரை மாற்றியும் பார்த்தாயிற்று. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஹார்ட் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள் அம்மா. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த சினிமா ஃபைலைத் திறந்து, அகலம், உயரம் இரண்டை மட்டும் பாருங்கள். '720', '1080' என்பதெல்லாம் படத்தின் உயரத்தில் எத்தனை வரி என்ற கணக்குதான். 1920, 800 என்று இருக்கும் என்பது என் ஊகம். அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருமல்லவா? ஃபைலாக மாற்றும்போது அதைப் பலர் வெட்டிவிடுவார்கள். 1080 வரியில் 280 போய்விடும். போனது வெறும் கறுப்பு, படத்தில் கைவைக்கவில்லை. உயரத்தை மட்டும் அளக்கிற மென்பொருளுக்கு இது புரியாது. '800தானே' என்று 720 பக்கம் தள்ளிவிடும்.

அகலத்தை மட்டும் பார்க்கிற ரகமும் உண்டு. அதில் நானே ஏமாந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் நீராவி இன்ஜினைக் குன்னூர் ஸ்டேஷனில் கழற்றி டீசல் மாட்டுவதை எச்.டி.வி. கேமராவில் எடுத்து வைத்திருந்தேன். அந்த ரக டேப்பில் பதிவாவது 1440×1080. ஓட்டும்போது பக்கவாட்டில் இழுத்து 1920 ஆக்கிக் காட்டும். சர்வரின் படப்பட்டியலான லைப்ரரியோ 1440ஐ மட்டும் பார்த்து '720 பி' என்றது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா டேப்பையும் மறுபடி ஏற்றினேன். மறுபடியும் 720! அந்த இரண்டு நாளில் வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

கல்யாண வீடியோ இதற்கு நேர் எதிர். லேபிள் சரி, சரக்குதான் இல்லை. வி.எச்.எஸ்.ஸில் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் விவரம் நிற்கும். மாற்றிக் கொடுத்தவர் அதை 1920×1080க்குப் பெரிதாக்கியிருப்பார். அவரிடம் பெரிதாக்குவதற்கு முந்தைய 720×576 ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை, கேசட்டிலிருந்தே மறுபடி எடுக்கலாம் என்றால், முதலில் மூடியைத் தூக்கி டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் மலை ஈரத்துக்கு அது சுலபமாகப் பிடிக்கும். இருந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

பெயர் மாற்றியது வீண் வேலைதான். பெரும்பாலான சர்வர்கள் ஃபைலுக்குள் இருக்கும் எண்ணைத்தான் படிக்கும். ஃபைலையே மாற்றி அதே பெயரில் வைத்திருந்தால், முதலில் படித்த அளவு அப்படியே தங்கியிருக்கலாம். அந்த ஒரு படத்துக்கு மட்டும் மெட்டாடேட்டாவை, அதாவது சர்வர் குறித்து வைத்திருக்கும் விவரங்களைப் புதுப்பித்துப் பாருங்கள். லைப்ரரி முழுவதையும் அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம், நீங்கள் கையால் திருத்திய தலைப்புகளெல்லாம் போய்விடும்.

சினிமா 1920×800 என்றே வந்தால் லேபிளை விட்டுவிடுங்கள். டிவி அதைப் படிப்பதில்லை.