கர்ஃபியூவும் கர்ச்சீப்பும்

கேள்வி: மலாயா அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வீட்டு வரிசைகளில்) 'கர்ஃபியூ' (ஊரடங்கு) போட்டதைப் பாட்டி அடிக்கடி சொல்வார். அது எந்த மொழிச் சொல்? அதன் முதற்பொருள் என்ன?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த பழைய பிரெஞ்சுச் சொல் அது. 'கூவ்ர்' என்றால் மூடு, 'ஃபூ' என்றால் நெருப்பு. இரண்டும் சேர்ந்து 'நெருப்பை மூடு' என்று பொருள்படும். மரத்தாலும் வைக்கோலாலும் கட்டிய வீடுகள் நெருங்கி நின்ற இடைக்கால ஐரோப்பிய நகரங்களில், இரவு மணி அடித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட வேண்டும் என்பது விதி. தணலின் மேல் கவிழ்ப்பதற்கென்றே கைப்பிடி வைத்த மண் மூடியும் உலோக மூடியும் இருந்தன; அவற்றுக்கும் இதே பெயர்தான். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னர் வில்லியம், மக்களை அடக்கி வைக்கவே இதைப் புகுத்தினார் என்று ஒரு கதை உண்டு. ஆனால், தீ விபத்துக்கு அஞ்சி ஐரோப்பாவின் பல நகரங்களும் கைக்கொண்ட வழக்கத்துக்கு ஒரு மன்னரின் சூழ்ச்சியைக் காரணமாகக் காட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மணி ஒலித்தபின் தெருவில் நடமாடுபவர் ஐயத்துக்கு உள்ளானதால், சொல்லின் பொருள் அடுப்பிலிருந்து ஆளுக்கு நகர்ந்தது. 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து வந்த அவசரகாலத்தில், பாட்டி கேட்டது இந்தப் பிற்காலப் பொருளைத்தான். இன்னொன்று: நாம் சட்டைப்பையில் வைக்கும் கர்ச்சீப்பும் இதே 'கூவ்ர்' குடும்பம், தலையை மூடும் துணி என்பதே அதன் பழைய பொருள்.